அத்தியாயம் 3: முனையத்தில் ஓர் ஊரின் ஆவணங்கள்

இந்த அத்தியாயத்தைப் படித்து முடிக்கும்போது மூன்று வேலைகள் உங்களுக்குக் கைவந்திருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் படம்பிடித்த ஒரு கும்பாபிஷேக மலரைப் பக்கம் பிசகாமல் அடுக்குவது, அதிலுள்ள எழுத்துகளைத் தேடக்கூடிய உரையாக மாற்றுவது, அதன் பிரதி கடல்கடந்து பழுதில்லாமல் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்ப்பது. மூன்றையும் லினக்ஸ் முனையத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில கட்டளைகளால் செய்யப் போகிறோம்.

உதாரணத்துக்கு வேலணைத் தீவின் சரவணையை எடுத்துக்கொள்கிறோம். தீவகத்தின் மற்ற ஊர்களைப் போலவே 1990களின் தொடக்கத்தில் சரவணையும் இடம்பெயர்ந்தது. சனத்தோடு சேர்ந்து கடதாசிகளும் சிதறின. எஞ்சியவற்றில் சில ஊரிலும், சில கொழும்பிலும், மற்றவை கனடா, பிரான்ஸ், சுவிஸ், இங்கிலாந்து என்று பிள்ளைகள் போன இடங்களிலும் கிடக்கின்றன. கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், அந்தியேட்டியன்று அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டுகள், வாசிகசாலைக் குறிப்பேடுகள், காணி உறுதிகள் எல்லாம் இதில் அடங்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றில் சிலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. அந்த இழப்பின் பின்னணியில்தான், 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தின் பெறுமதி விளங்கும். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்ற அதே திறந்த மூல மென்பொருளில்தான் அந்தத் தளமும் கட்டப்பட்டது.

ஊர் ஆவணங்களைச் சேர்ப்பதற்கு மவுசைப் பிடித்து இழுத்தாலே போதாதா என்று கேட்கலாம். பத்துப் பக்கத்துக்குப் போதும். முந்நூறு பக்கத்துக்குக் கை ஓய்ந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மவுசால் செய்த வேலைக்குத் தடயம் இல்லை. நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பது உங்களோடு போய்விடும். கட்டளையோ எழுதி வைக்கக்கூடிய வேலை. சரவணையில் ஒருவர் தட்டிய வரியைப் பாரிஸில் இருக்கும் அவருடைய மச்சான் அப்படியே தட்டினால் அதே பலன் கிடைக்கும். சிதறிப்போன ஒரு சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

லினக்ஸைத் தெரிவுசெய்வதற்கும் காரணம் இருக்கிறது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் சேர்ந்து உருவான இயங்குதளம் இது. யாரும் பிரதி எடுக்கலாம், திருத்தலாம், பங்கிடலாம். இலங்கையருக்கு இது புதிய பாதையும் அல்ல. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய ‘சகானா’ பேரிடர் மேலாண்மை மென்பொருள் திறந்த மூலமாகவே வெளிவந்து, உலகின் வேறு நாடுகளிலும் பயன்பட்டது. 2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டதால் பல பழைய மடிகணினிகள் ஒதுங்கிக் கிடக்கின்றன. 4 ஜிகாபைட் நினைவகம் இருந்தால் அவற்றில் லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும்.

கட்டளைகளை வாசிக்கும் முறை

இந்த நூலில் கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். கோப்புகளுக்கும் கோப்புறைகளுக்கும் நாம் வைக்கும் பெயர்களும், சரவணை போன்ற தமிழ்ச் சொற்களும் மட்டும் தமிழிலேயே தட்டப்பட வேண்டியவை; ‘.ஜேபிஜி’, ‘.ரிஎக்ஸ்ரி’ போன்ற பின்னொட்டுகளை ஆங்கிலத்திலேயே தட்டுங்கள். வரியின் முதலில் வரும் $ குறியைத் தட்ட வேண்டாம். அது கணினி உங்களுக்காகக் காத்திருப்பதன் அடையாளம். இடைவெளிகளைக் காட்டியபடியே விடுங்கள். லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுவேறாகவே பார்க்கும்.

1. எங்கே நிற்கிறோம்?

கண்ட்ரோல், ஆல்ட், ரீ ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் உபுண்டுவிலும் மின்டிலும் முனையம் திறக்கும். முதலில் மூன்று கட்டளைகள்.

$ பிடபிள்யூடி
‘பிரிண்ட் வொர்க்கிங் டிரெக்டரி’ என்பதன் முதலெழுத்துகள். நீங்கள் நிற்கும் கோப்புறையின் முழுப் பாதையைச் சொல்லும்.

$ எல்எஸ் -எல்
‘லிஸ்ட்’ என்பதன் சுருக்கம். கோப்புறையில் உள்ளவற்றை அளவோடும் திகதியோடும் அடுக்கிக் காட்டும்.

$ சிடி சரவணை
‘சேஞ்ச் டிரெக்டரி’. சரவணை என்ற கோப்புறைக்குள் போகும் (அதை அடுத்த பகுதியில் உருவாக்குவோம்). ஒரு படி மேலே வர ‘சிடி ..’ என்று தட்டுங்கள். ‘சிடி’ என்று மட்டும் தட்டினால் எங்கிருந்தாலும் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குத் திரும்பிவிடலாம்.

முழுப் பெயரையும் தட்ட வேண்டியதில்லை. முதல் ஓரிரு எழுத்தைத் தட்டி டாப் விசையை அழுத்தினால் மீதியைக் கணினியே நிரப்பும். நிரப்பாவிட்டால் அந்தப் பெயர் அங்கே இல்லை, அல்லது அதே தொடக்கத்தோடு வேறு பெயர்களும் இருக்கின்றன. இதை முதல் நாளிலேயே பழகிக்கொண்டால் எழுத்துப்பிழைகளில் பெரும்பகுதி ஒழிந்துவிடும்.

2. கோப்புறைகளை அமைத்தல்

$ எம்கேடிஐஆர் -பி சரவணை/மலர்கள்/1968_கும்பாபிஷேகம்

‘மேக் டிரெக்டரி’ என்பதன் சுருக்கம் இது. ‘-பி’ சேர்ப்பதால் இடையிலுள்ள கோப்புறைகளும் சேர்ந்தே உருவாகும். பெயர் வைப்பதில் மூன்று விதிகளைக் கடைப்பிடியுங்கள்.

முதலாவது, ஆண்டை முன்னால் எழுதுங்கள். பட்டியல் தானாகவே கால வரிசையில் நிற்கும்.

இரண்டாவது, பெயருக்குள் இடைவெளி விடாமல் அடிக்கோடு இடுங்கள். இடைவெளி இருந்தால் கணினி ஒரு பெயரை இரண்டாக நினைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, பக்க எண்களை 001, 002 என்று மூன்று இலக்கத்தில் எழுதுங்கள். வெறும் 1, 2 என்று எழுதினால் பட்டியலில் 1க்கு அடுத்ததாக 10 வந்து நிற்கும்.

தமிழ்ப் பெயருக்கு இன்னொரு வரம்பும் உண்டு. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டும் ஆகும். ஆகவே தமிழ்ப் பெயரில் 85 குறிகளுக்குத்தான் இடம். உபயமிட்டவர்களின் பெயரையெல்லாம் கோப்பின் பெயரிலேயே எழுத முயன்றால் கணினி மறுத்துவிடும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்:

$ எக்கோ -என் சரவணை | டபிள்யூசி -சி
$ எக்கோ -என் சரவணை | டபிள்யூசி -எம்

முதல் வரிக்கு 15 என்றும் இரண்டாவதற்கு 5 என்றும் விடை வரும். நாம் நான்கு எழுத்தாக வாசிப்பதைக் கணினி ச, ர, வ, ண, ஐகாரக் குறி என்று ஐந்தாக வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. நடுவிலுள்ள செங்குத்துக் கோடு ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்குக் கடத்தும் குழாய். அது பின்னால் அடிக்கடி வரும்.

3. பிரதி, இடமாற்றம், அழிப்பு

$ சிபி -ஆர் 1968_கும்பாபிஷேகம் காப்பு
$ எம்வி -ஐ 1.ஜேபிஜி 001.ஜேபிஜி
$ ஆர்எம் -ஐ மங்கல்.ஜேபிஜி

‘காப்பி’, ‘மூவ்’, ‘ரிமூவ்’ என்பவற்றின் சுருக்கங்கள். ‘எம்வி’ கோப்பை இடம் மாற்றவும் பெயர் மாற்றவும் உதவும். இங்கே நிதானம் வேண்டும். முனையத்தில் அழித்தது குப்பைக் கூடைக்குப் போகாது, போனால் போனதுதான். ‘எம்வி’யும் ‘சிபி’யும் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் கேட்காமலே அதன் மேல் எழுதிவிடும். ‘-ஐ’ சேர்த்தால் ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்டுவிட்டே செய்யும். மூலப் படங்களை ஒரு கோப்புறையில் தொடாமல் வைத்துவிட்டு, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். ஒரே ஒரு பிரதி எஞ்சியிருக்கும் மலரைக் கையாளும்போது இந்த விதிக்கு விலக்கே இல்லை.

4. படத்திலிருந்து உரைக்கு

படத்தில் உள்ள எழுத்தைத் தேட முடியாது. அதை உரையாக்க ‘டெசராக்ட்’ என்ற திறந்த மூலக் கருவி இருக்கிறது. எச்பி நிறுவனத்தில் 1980களில் பிறந்து, 2005இல் திறந்த மூலமாக்கப்பட்டு, பின்னர் கூகுளின் ஆதரவில் வளர்ந்த மென்பொருள் அது. இணைய இணைப்பு இருக்கும்போது ஒருமுறை நிறுவிக்கொண்டால் போதும்:

$ சூடோ ஆப்ட் அப்டேட்
$ சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெசராக்ட்-ஓசிஆர் டெசராக்ட்-ஓசிஆர்-டாம்

‘சூடோ’ என்பது நிர்வாகியின் அதிகாரத்தோடு செய் என்பதாகும். கடவுச்சொல் கேட்கும், தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பதறாமல் தட்டி முடியுங்கள். கடைசியில் வரும் ‘டாம்’ தமிழுக்கான மூன்றெழுத்துக் குறியீடு: ரீ, ஏ, எம். அதை விட்டுவிட்டால் தமிழை ஆங்கிலமாக வாசித்துக் குப்பையைக் கொட்டும். இனி ஒரு பக்கம்:

$ டெசராக்ட் 001.ஜேபிஜி 001 -எல் டாம்

அதே கோப்புறையில் 001 என்ற பெயரோடு ஓர் உரைக் கோப்பு உருவாகும். எல்லாப் பக்கங்களுக்கும் செய்ய இந்த ஒரு வரி போதும்:

$ ஃபோர் எஃப் இன் *.ஜேபிஜி; டூ டெசராக்ட் "$எஃப்" "$எஃப்" -எல் டாம்; டன்

நட்சத்திரக் குறிக்கு ‘எதுவாக இருந்தாலும்’ என்று பொருள். ஜேபிஜி என்று முடியும் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ‘எஃப்’ என்ற பெயரில் கையில் வைத்துக்கொண்டு, டெசராக்டிடம் கொடுத்து, தீர்ந்ததும் நிற்கும். அந்தப் பெயரை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். முனையத்தில் நம் கட்டளைகளை நிறைவேற்றும் ‘பேஷ்’ நிரல் இத்தகைய மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரை ஏற்காது. சில கமராக்கள் ஜேபிஜியைப் பெரிய எழுத்தில் எழுதும். அப்படியானால் கட்டளையிலும் பெரிய எழுத்தே வேண்டும்.

5. தேடுதல்

$ லெஸ் 001.ஜேபிஜி.ரிஎக்ஸ்ரி
உரையைப் பக்கம் பக்கமாகக் காட்டும். வெளியேற கியூ.

$ கிரெப் -என் சரவணை *.ரிஎக்ஸ்ரி
கிரெப் என்பதை ஜீ, ஆர், ஈ, பீ என்று தட்டுங்கள். ‘சரவணை’ வரும் வரிகளைக் கோப்பின் பெயரோடும் வரி எண்ணோடும் எடுத்துத் தரும்.

சில முனையங்களில் உயிர்மெய்க் குறிகள் எழுத்தைவிட்டு விலகித் தெரியலாம். அது திரையின் குறைதான். கோப்புக்குள் எழுத்து சரியாகவே இருக்கும். ஆனால் தேடலில் உண்மையாகவே வழுக்கும் இடங்கள் நான்கு உண்டு.

முதலாவது, பழைய அச்சு. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை என்பவை மேலே துதிக்கை வளைந்த வடிவில் இருக்கும். இலங்கை அச்சகங்களிலும் அந்த ஈய எழுத்துகள் நெடுங்காலம் புழங்கின. டெசராக்ட் அவற்றைத் தவறாக வாசிக்கக்கூடும். சரவணை என்ற பெயரே ணையில் முடிவதால், 1968ஆம் ஆண்டு மலரில் ஊர்ப்பெயரைத் தேடி ஒன்றுமே அகப்படாமல் போகலாம். அப்போது கடைசி எழுத்தை விட்டுவிட்டு ‘சரவ’ என்று தேடுங்கள். முருகன் கோயில் மலரென்றால் ‘சரவணபவ’ வந்து குவியும். குழாயைப் போட்டு அதை விலக்கலாம்:

$ கிரெப் சரவ *.ரிஎக்ஸ்ரி | கிரெப் -வி சரவணபவ

‘-வி’ அந்தச் சொல் உள்ள வரிகளை நீக்கும். ஊர்ப்பெயரும் மந்திரமும் ஒரே வரியில் இருந்தால் அந்த வரியும் போய்விடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வேற்றுமை உருபு. சரவணையில், சரவணைக்கு என்று உருபு ஏறினாலும் ‘சரவணை’ அப்படியே நிற்கும். குளம் என்பதோ குளத்தில், குளத்தை என்று மாறும். மகரத்தில் முடியும் சொல்லை அந்த ‘ம்’ இல்லாமல் தேட வேண்டும்: ‘குள’, ‘மன்ற’, ‘சங்க’.

மூன்றாவது, ஒரே எழுத்து இரண்டு விதமாகப் பதிவது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த கரம்பொன் என்ற ஊரின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ‘பொ’வின் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது; கிரெப்புக்கு இரண்டும் வேறு சொல். லினக்ஸின் கோப்பு முறைமையும் இவற்றை வேறாகவே கருதுவதால் ‘கரம்பொன்’ என்ற இரண்டு கோப்புறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவும் இடமுண்டு. ‘ஐசியு-டெவ்டூல்ஸ்’ பொதியில் உள்ள ‘யூகான்வ்’ கட்டளை எல்லாவற்றையும் ஒரே முறைக்குக் கொண்டுவரும்:

$ யூகான்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி பழையது > புதியது

இங்கே > குறி விடையைத் திரையில் காட்டாமல் ‘புதியது’ என்ற கோப்பில் எழுதும். அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் அதை அழித்துவிட்டு எழுதும். பழையதன் அடியில் சேர்க்க வேண்டுமானால் >> இடுங்கள்.

நான்காவது, பாமினி. யுனிகோட் பரவுவதற்கு முன் நமது பக்கத்தில் தட்டச்சிட்ட ஆவணங்களில் மிகப் பல பாமினி எழுத்துருவில் உள்ளவை. அவற்றுள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அப்படியான கோப்பை முதலில் யுனிகோடுக்கு மாற்றாமல் எந்தத் தேடலும் பலிக்காது.

6. யார் பார்க்கலாம்?

கோயில் மலரும் பாடசாலை மலரும் ஊருக்குப் பொதுவானவை. காணி உறுதி அப்படியல்ல. அதில் பெயர், பரப்பு, எல்லை, கையொப்பம் எல்லாம் உண்டு. குடும்பத்தின் சம்மதமில்லாமல் அது யார் கண்ணிலும் படக் கூடாது. உறுதிகளைத் தனிக் கோப்புறையில் வைத்துப் பூட்டுங்கள்:

$ சிஎச்மோட் 700 உறுதிகள்

முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். 7 என்றால் முழு உரிமை, 0 என்றால் ஒன்றுமில்லை. இந்தப் பூட்டு அந்தக் கணினியின் மற்றப் பயனர்களுக்கு மட்டுமே. பென்டிரைவ்கள் பெரும்பாலும் இந்த உரிமைகளைப் பதிந்துவைக்காத முறைமையில் வருகின்றன. ஆகவே உறுதிகளைச் சாதாரண பென்டிரைவில் போட்டு ஊர் சுற்ற விடாதீர்கள்.

7. பிரதி சரியா?

முந்நூறு படங்களை ரொறன்ரோவுக்கு அனுப்புகிறீர்கள். இணைப்பு இடையில் அறுந்து மீண்டும் வந்தது. எல்லாம் முழுதாகப் போய்ச் சேர்ந்தனவா? ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தேவையில்லை.

$ எஸ்எச்ஏ256சம் *.ஜேபிஜி > சரிபார்ப்பு

ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்து நீளத்தில் ஒரு கைரேகையைக் கணித்து ‘சரிபார்ப்பு’ என்ற கோப்பில் எழுதும். படத்தில் ஒரு பைட் மாறினாலும் கைரேகை முற்றாக மாறிவிடும். படங்களோடு அந்தக் கோப்பையும் அனுப்புங்கள். அங்கே இருப்பவர் அதே கோப்புறையில் நின்று இதைத் தட்ட வேண்டும்:

$ எஸ்எச்ஏ256சம் -சி சரிபார்ப்பு

பழுதில்லாத ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஓகே’ என்று வரும். பழுதானவற்றை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை இரு பக்கத்திலும் இதை ஓடவிடுங்கள். பழைய வட்டு ஒன்று மெல்லப் பழுதடைந்தால் காலத்தோடு தெரிந்துவிடும்.

8. வேலையை எழுதி வையுங்கள்

$ ஹிஸ்ட்ரி > வேலைக்குறிப்பு

நீங்கள் தட்டிய கட்டளைகள் வரிசையாக அந்தக் கோப்பில் விழும். பிழையானவற்றை நீக்கி, ஒவ்வொரு வரிக்கும் மேலே # குறியிட்டு அது எதற்கு என்று தமிழில் எழுதுங்கள். # குறியில் தொடங்கும் வரியைக் கணினி படிக்காது. அடுத்து வரும் மனிதருக்கானது அது. ‘ஹிஸ்ட்ரி’ தரும் வரிசை எண்களை அகற்றிவிட்டால் அந்தக் கோப்பையே ‘பேஷ் வேலைக்குறிப்பு’ என்று தட்டி ஓடவிடலாம்.

அடிக்கடி தட்டுவதற்குத் தமிழ்ப் பெயரும் வைக்கலாம்:

$ ஏலியஸ் தேடு='கிரெப் -என்'

இதற்குப் பிறகு ‘தேடு சரவ *’ என்று தமிழிலேயே தட்டினால் வேலை நடக்கும். வீட்டுக் கோப்புறையில் உள்ள ‘.பேஷ்ஆர்சி’ கோப்பின் அடியில் அந்த வரியை எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் தயாராக இருக்கும். ஏதாவது கட்டளை மறந்துபோனால் ‘மேன் கிரெப்’ என்பதுபோல் ‘மேன்’ சேர்த்துத் தட்டுங்கள். அதன் கையேடு திறக்கும். இதற்கு இணையம் தேவையில்லை.

பயிற்சி

1. உங்கள் ஊர்ப் பெயரில் ஒரு கோப்புறையும் அதற்குள் மலர்கள், கல்வெட்டுகள், உறுதிகள் என்று மூன்றும் அமையுங்கள். உறுதிகளைப் பூட்டுங்கள்.

2. வீட்டிலுள்ள ஒரு மலரின் பத்துப் பக்கங்களை நல்ல வெளிச்சத்தில் படம்பிடித்து 001 முதல் 010 வரை பெயரிடுங்கள்.

3. பத்தையும் ஒரே வரியில் உரையாக்குங்கள். ஊர்ப்பெயர் எத்தனை பக்கங்களில் வருகிறது என்று இப்படிக் கண்டுபிடியுங்கள்: கிரெப் -எல் சரவ *.ரிஎக்ஸ்ரி | டபிள்யூசி -எல்

4. ஒரு படத்தை வேண்டுமென்றே திருத்திச் சேமித்துவிட்டுச் சரிபார்ப்பை ஓடவிடுங்கள். எந்தக் கோப்பு பிடிபடுகிறது என்று பாருங்கள்.

5. வேலைக்குறிப்பை வேறொருவரிடம் கொடுத்து, வாயால் ஒன்றும் சொல்லாமல் செய்யச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் உங்கள் குறிப்பைத் திருத்துங்கள்.

ஐந்தாவது பயிற்சிதான் இந்த அத்தியாயத்தின் தேர்வு. அதில் தேறிவிட்டால் உங்கள் வாசிகசாலைக்கோ கோயில் நிர்வாகத்துக்கோ போய், அலுமாரியில் கிடக்கும் மலர்களைக் கேட்டு வாங்குங்கள். படம்பிடித்ததும் மூலத்தை அன்றே திருப்பிக் கொடுங்கள். அச்சிட்டவர்களின் அனுமதி பெற்று ஒரு பிரதியை ‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்கு அனுப்புங்கள், ஒன்றை வெளிநாட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள், ஒன்றை ஊரிலேயே வையுங்கள். ஒரே இடத்தில் ஒரே பிரதி என்ற நிலையில் இனி எங்கள் ஊரின் எந்தக் கடதாசியும் இருக்கக் கூடாது.